மேடையில் சொன்ன சம்பளம்

வீட்டில் அவளுக்குப் பெரியவள் என்று பெயர். சின்னவள் என்று ஒருத்தி பிறக்கவே இல்லை. பிறப்பாள் என்ற நம்பிக்கையில் அம்மா முன்கூட்டியே வைத்த பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் வேறு பெயர். எவ்வளவு வற்றிப்போன கையானாலும் முதல் தடவையிலேயே நரம்பைப் பிடித்து ஊசியை ஏற்றிவிடுவாள் என்பதால் 'ஒரே குத்து' என்பார்கள். "ஒரே குத்தக் கூப்பிடுங்க" என்ற சத்தத்தைக் கேட்டுப் புதிதாகச் சேர்ந்த நோயாளிகள் மிரண்டுபோய்ப் போர்வையை இழுத்துக்கொள்வார்கள். விஷயம் தெரிந்ததும் அவர்களும் அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.

அவள் படித்த நர்சிங் கல்லூரியின் மேனேஜர் போன் செய்தபோது அவள் மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டிருந்தாள். கல்லூரிக்கு அவள் ஒன்பதாயிரம் பாக்கி. கடைசி வருஷத்தில் திடீரென்று கட்டணத்தை ஏற்றினார்கள். வங்கிக் கடனில் அந்தத் தொகை அடங்கவில்லை. பாக்கியைக் கட்டும்வரை பட்டச் சான்றிதழைத் தரமாட்டோம் என்று அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். அசல் சான்றிதழ் இல்லாமல் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கேட்கக்கூட முடியாது. நகலை வைத்துக்கொண்டு இந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் ஒட்டிக்கொண்டிருந்தாள். நகலுக்குத் தகுந்த சம்பளம்.

"என்னம்மா, எப்படி இருக்க?" என்றார் மேனேஜர். குரலில் சர்க்கரை.

"நல்லா இருக்கேன் சார். பாக்கிய அடுத்த மாசம் கொஞ்சம்..."

"அதை விடு. ஞாயித்துக்கிழமை அட்மிஷன் கூட்டம் வச்சிருக்கோம். பெத்தவங்க எல்லாம் வருவாங்க. படிச்சு முடிச்ச பொண்ணு ஒண்ணு மேடையில பேசினா நல்லா இருக்கும். நீ வந்து பேசிட்டுப் போ. பாக்கிய நான் பாத்துக்கறேன்."

"பாத்துக்கறேன்னா?"

"தள்ளுபடிம்மா. அன்னிக்கே சர்ட்டிபிகேட்டக் கையில வாங்கிட்டுப் போயிடலாம்."

ஒன்பதாயிரம் என்பது அவளுக்கு நாலு மாதச் சம்பளம். அதையும் சாப்பிடாமல், வாடகை கொடுக்காமல், கடன் கட்டாமல் இருந்தால்தான். சும்மா வந்து பேசிவிட்டுப் போனால் போதும் என்கிறார். அவள் மருந்து வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு, "வர்றேன் சார்" என்றாள். என்ன பேசவேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை.

கூட்டம் கல்லூரியின் பெரிய ஹாலில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள், மேலே ஒன்று விட்டு ஒன்று சுற்றும் மின்விசிறிகள், ஒவ்வொரு இருக்கையிலும் ஒரு ஜூஸ் டப்பா. பெற்றவர்கள் அதைக் குடிக்காமல் கையில் வைத்திருந்தார்கள், வீட்டில் இருக்கிற சின்னதுகளுக்காக. மேடையின் பின்னால் தொங்கிய திரையில் பெரியவளின் படம் ஆள் உயரத்துக்கு மேல் நின்றது. வெள்ளைச் சீருடை, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், பயிற்சிக் காலத்தில் எடுத்தது. படத்துக்குக் கீழே எழுதியிருந்ததைப் படித்ததும் அவள் மேனேஜரைத் தேடி ஓடினாள்.

"சார், மாச வருமானம் ஐயாயிரம்னு போட்டிருக்கு. எனக்கு ரெண்டாயிரத்து இருநூறுதான் வருது."

"உன்ன யாரு சொன்னா? உன்ன மாதிரி படிச்சவங்கள சொல்றோம். போன பேட்ச்ல ஒருத்தன் வெளிநாட்டுல அதுக்கு மேலயே வாங்கறான்."

"ஆனா படம் என்னோடது சார்."

"நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம்மா. சேவை, மரியாதை, சொந்தக் கால்ல நிக்கறதுன்னு நாலு வார்த்தை பேசு. நம்பரப் பத்தி வாயே திறக்காத. அவ்வளவுதான்."

வாயைத் திறக்காமல் இருப்பது பொய் ஆகாது என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மேடை ஏறி நாலு வார்த்தை பேசினாள். நன்றாகவே பேசினாள். உயிர் பிழைத்துப் போன ஒரு குழந்தையைப் பற்றிச் சொன்னபோது முன்வரிசையில் ஒரு அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கை தட்டினார்கள். இறங்கப் போகும் நேரத்தில் நடுவரிசையிலிருந்து ஒருவர் எழுந்தார். ஐம்பது வயது இருக்கும். சட்டையின் வலது தோள் மட்டும் வெயிலில் வெளுத்திருந்தது, ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து வண்டி ஓட்டுகிறவர்களுக்கு வெளுப்பதுபோல. பக்கத்தில் ஒல்லியாக ஒரு பெண்.

"சிஸ்டர், தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு இந்தப் படிப்பெல்லாம் தெரியாது, நான் ஸ்கூல் வேன் ஓட்டறவன். அதுல ஐயாயிரம்னு போட்டிருக்கே, பிடித்தம் எல்லாம் போக கையில எவ்வளவு வருது?"

ஹால் முழுக்க அவளைப் பார்த்தது. ஓரத்தில் நின்ற மேனேஜரின் கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும்.

"அதேதான் அண்ணா" என்றாள். "ஐயாயிரம்."

"கடன் கட்டிட்டு வீட்டுக்கும் கொடுக்க முடியுதாம்மா?"

"முடியுது அண்ணா."

அவர் கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தார். அந்தக் கும்பிடுதான் அவளை நெடுநாள் துரத்தியது. கேட்ட கேள்விக்கு ஒருத்தி நாணயமாகப் பதில் சொன்னதற்காகப் போட்ட கும்பிடு அது.

கூட்டம் முடிந்ததும் வேன்காரர் மகளை அழைத்துக்கொண்டு அவளிடம் வந்தார். "இது சுண்டு. பொறக்கும்போது சுண்டுவிரல் மாதிரி இருந்தா, அதான். டாக்டருங்க எல்லாம் கைய விரிச்சிட்டாங்க. ஒரு நர்சம்மாதான் நெஞ்சோட வச்சுக் காப்பாத்தினாங்க. அதுலேருந்து இவளுக்கு இதே பைத்தியம்." சுண்டு வெட்கப்பட்டு அப்பாவின் கையைக் கிள்ளினாள். அவர் பெரியவளின் போன் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டார். "எதுனா சந்தேகம்னா மட்டும்தாம்மா, தொந்தரவு பண்ண மாட்டேன்."

உறையை வாங்கிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனாள். அம்மா ஒரு சலவைக்கடையில் இஸ்திரி போடுகிற வேலை பார்த்தாள். நின்று நின்று கால் வீங்கியிருக்கும், முன்கையில் சூட்டுக் கோடுகள் இருக்கும். பெரியவளின் கடனில் அம்மாவும் கையெழுத்துப் போட்டிருந்தாள். எழுபதாயிரம் வாங்கியது, பத்து வருஷம் மாதம் தொள்ளாயிரம் என்று கட்டி முடிக்கும்போது லட்சத்தைத் தாண்டிவிடும். சம்பளத்தில் அது போக, வாடகை போக, மிச்சம் இருப்பதை வைத்து ஒரு ஜோடி நல்ல செருப்பு வாங்கக்கூட இரண்டு பேரும் உட்கார்ந்து யோசிக்கவேண்டும். சான்றிதழைப் பார்த்ததும் அம்மா கையைப் புடவையில் துடைத்துக்கொண்டுதான் தொட்டாள்.

"சும்மா பேசினதுக்கா இத்தனை கருணை? அந்த ஆளு நல்லவனா இருப்பான் போலிருக்கே."

"இருப்பாரும்மா" என்றாள் பெரியவள்.

மறு வாரமே பெரிய ஆஸ்பத்திரிக்கு விண்ணப்பம் போட்டாள். நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். எல்லாம் கூடிவந்தது. ஆனால் வார்டில் அவளுக்கு ஒரு புது வியாதி பிடித்தது. காய்ச்சல் பார்த்து எழுதினால் மறுபடி பார்ப்பாள், மாத்திரையை எண்ணினால் மறுபடி எண்ணுவாள். ஒரு தாத்தா, "ஏம்மா, இப்பத்தான பாத்த? அதுக்குள்ள செத்துட்டேனான்னு பாக்கறியா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்தாள்.

ஒருநாள் மத்தியானம் வேன்காரரிடமிருந்து போன் வந்தது.

"சிஸ்டர், நல்ல சேதி. சுண்டுவுக்கு சீட்டு போட்டாச்சு. அட்வான்ஸ் பன்னண்டாயிரம் கட்டிட்டேன். பேங்க்ல திங்கக்கிழமை கையெழுத்து."

"அட்வான்ஸுக்கு... பணம்?"

"வேனக் கொடுத்துட்டேன்மா." அவர் சிரித்தார். "நஷ்டம் ஒண்ணும் இல்ல. வாங்கினவரு என்னையே டிரைவரா வச்சுக்கிட்டாரு. அதே வண்டி, அதே ரூட்டு, அதே பசங்க. என்ன, இப்ப மாசச் சம்பளம். டயர் வெடிச்சா என் தலைவலி இல்ல. நீங்க அன்னிக்கு வெளிப்படையா சொன்னதாலதான் தைரியம் வந்துச்சு. அத சொல்லத்தான் கூப்பிட்டேன்."

அவள் எதையோ சொல்லிப் போனை வைத்தாள். என்ன சொன்னாள் என்று பின்னால் நினைவுக்கு வரவில்லை. துணி மாற்றும் அறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டே இருந்தாள். தேடிக்கொண்டு வந்த வார்டு இன்சார்ஜ் அக்கா குழாயை மூடினாள்.

இன்சார்ஜ் அக்காவுக்கு இருபது வருஷ சர்வீஸ். அதட்டினால் டாக்டர்களே ஒரு அடி பின்னால் போவார்கள். பெரியவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் கொட்டினாள். முடிந்ததும் அக்கா கேட்டாள்:

"என்னைக்குக் கையெழுத்து?"

"திங்கக்கிழமை."

"சொல்றதா இருந்தா அதுக்கு முன்னாடி சொல்லு. அதுக்கப்புறம் போய்ச் சொன்னா உன் மனசு ஆறும், அந்த ஆளுக்கு ஒரு பிரயோஜனமும் இல்ல. சொல்லாமயே இருக்கலாம்னு நினைச்சா, இப்பவே முகத்தத் துடைச்சிட்டுப் போய் நாலாம் பெட்டுக்கு டிரிப்ஸ் மாத்து. ரெண்டும் இல்லாம இங்க நின்னு அழாத."

அவள் போய் நாலாம் கட்டிலுக்கு டிரிப்ஸ் மாற்றினாள். சனிக்கிழமை டியூட்டி முடிந்ததும் வேன்காரரின் வீட்டைத் தேடிப் போனாள்.

ஒரு டயர் கடைக்கு மேலே இருந்தது வீடு. கீழே தெருவோரத்தில் அவர் மஞ்சள் வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். இப்போது அது அவருடையது இல்லை என்றாலும், சக்கரத்தின் இடுக்கில் பழைய பல்துலக்கியை விட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார். இவளைப் பார்த்ததும் வாளியை வைத்துவிட்டு, "அடடே, சிஸ்டர்! சுண்டு, யாரு வந்திருக்கா பாரு!" என்று மேலே பார்த்துக் கத்தினார். இவளை மேலே வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். சுண்டுவின் அம்மா வேலைக்குப் போயிருந்தாள். சுண்டு அவசரமாக ஒரு நாற்காலியில் கிடந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டாள்.

"டீ போடறேன்க்கா."

"வேணாம்மா. நான் சொல்றத முதல்ல கேட்டுடுங்க" என்றாள் பெரியவள். உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல வராது என்று பயம். "அன்னிக்கு மேடையில நான் சொன்னது பொய். எனக்குக் கையில வர்றது ரெண்டாயிரத்து இருநூறு. அதுல கடனுக்குத் தொள்ளாயிரம் போயிடும். வீட்டுக்குக் கொடுக்கறதுன்னு ஒண்ணும் இல்ல, எங்கம்மா இஸ்திரி போட்டுக் கொண்டுவர்ற காசுலதான் மாசக் கடைசி ஓடுது."

ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டிருந்த வேன்காரர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"காலேஜுல எனக்கு ஒன்பதாயிரம் பாக்கி இருந்துச்சு. பேசினா தள்ளுபடின்னாங்க. சர்ட்டிபிகேட் கிடைக்கும்னாங்க. அதுக்காகச் சொன்னேன்."

டயர் கடையில் காற்றடிக்கும் இயந்திரம் உறுமிவிட்டு நின்றது. அவர் மெதுவாகக் கேட்டார்: "என்னப் பாத்தா எப்படிம்மா தெரிஞ்சுது? இவன ஏமாத்தலாம்னு தோணுச்சா?"

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். "நான் உங்களப் பாக்கவே இல்ல அண்ணா" என்றாள். "அந்த ஆளு கையில இருந்த கவரத்தான் பாத்தேன்."

சுண்டுதான் வெடித்தாள். "இப்ப எதுக்கு வந்தீங்க? உங்க வேலை முடிஞ்சிடுச்சுல்ல? சர்ட்டிபிகேட் கிடைச்சிடுச்சுல்ல? இப்ப வந்து எனக்குக் கதவச் சாத்தறீங்களா? ரெண்டாயிரத்து இருநூறுன்னா ரெண்டாயிரத்து இருநூறு, எனக்கு அது போதும்!"

"போதாதும்மா. நானும் அப்படித்தான் நினைச்சேன்." பெரியவள் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள். "படிக்காதன்னு சொல்லல. இந்த வேலை எனக்குப் பிடிக்கும், சத்தியமாப் பிடிக்கும். கடன வாங்கி இந்த விலைக்குப் படிக்காதன்னுதான் சொல்றேன். பெரிய ஆஸ்பத்திரியிலேயே ஒரு நர்சிங் ஸ்கூல் இருக்கு. மூணு வருஷ டிப்ளமோ. பீஸ் கொஞ்சம்தான். முடிச்சா சம்பளம் பட்டதாரிய விட ஒரு முன்னூறு நானூறு கம்மியா இருக்கும். ஆனா கடன் இல்லையே! கையில நிக்கறத எண்ணிப் பாத்தா என்ன விட உனக்குத்தான் ஜாஸ்தி. அப்புறம் வேலை பாத்துக்கிட்டே பட்டத்தையும் முடிச்சுக்கலாம். எனக்கு அப்ப யாரும் சொல்லல."

சுண்டு அப்பாவைப் பார்த்தாள். அவர் தரையைப் பார்த்தார்.

"அந்த அப்ளிகேஷன் வீட்டுல இருக்கும்மா" என்றார். "வாங்கி எழுதியும் வச்சிருந்தோம். டிகிரின்னா ஐயாயிரம் வருதே, இது எதுக்குன்னு விட்டுட்டோம். போன வாரத்தோட தேதி முடிஞ்சுபோச்சு."

பொய்யைப் பிடுங்கி எறிந்துவிட்டால் போதும், பழையபடி ஆகிவிடும் என்று பெரியவள் நினைத்துக்கொண்டு வந்திருந்தாள். அது அந்தப் பெண்ணின் ஒரு வருஷத்தைத் தின்றிருந்தது. வேனையும் தின்றிருந்தது.

"அட்வான்ஸையாவது திருப்பி வாங்கலாம் அண்ணா. நான் கூட வர்றேன். நான் சொன்னது பொய்னு அவர் முன்னாடியே சொல்றேன்."

அவர் திங்கட்கிழமை காலை வங்கி வாசலுக்குப் பதிலாகக் கல்லூரி வாசலில் நின்றார்.

மேனேஜர் கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார். "கட்டின பணம் திருப்பித் தர்றதில்ல. ரசீதுலயே போட்டிருக்கு."

"சார், திரையில போட்ட நம்பர் பொய். நான் சொன்னதும் பொய். நீங்க சொல்லச் சொன்னீங்கன்னு அடுத்த கூட்டத்துல வந்து எழுந்து சொல்லுவேன்" என்றாள் பெரியவள்.

"நான் சொல்லச் சொன்னேனா? வாயே திறக்காதன்னுதானே சொன்னேன்?"

அது உண்மைதான். அவர் வாயைத் திறக்கச் சொல்லவில்லை. வேன்காரர் அவளைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, ஒரு களைப்பு இருந்தது.

மேனேஜர் ஆளைப் படிக்கத் தெரிந்தவர். கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். "சரி, பாதி தர்றேன். ஆறாயிரம். ஆனா உன் தள்ளுபடி ரத்து. அந்த ஒன்பதாயிரத்தையும் மாசாமாசம் கட்டறேன்னு கையெழுத்துப் போட்டுக் கொடு. இல்லைன்னா இவருக்கு ஒரு பைசா கிடையாது."

சான்றிதழ் அவள் கையில்தான் இருந்தது. எழுந்து போயிருக்கலாம். யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது. பெரிய ஆஸ்பத்திரி வேலை உறுதியானால் கூடுதலாக வரும் எழுநூறில் அம்மாவை வேலையிலிருந்து நிறுத்திவிடலாம் என்று அவள் ஏற்கெனவே மனக்கணக்குப் போட்டிருந்தாள். அம்மாவிடம் சொல்லியும் இருந்தாள்.

பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

வெளியே வந்ததும் வேன்காரர் பணத்தை எண்ணிச் சட்டைப்பைக்குள் வைத்தார். "மீதி ஆறாயிரத்த நான் கொஞ்சம் கொஞ்சமா தந்துடறேன் அண்ணா" என்றாள். வேண்டாம் என்று மறுப்பார் என்று ஒரு ஓரத்தில் எதிர்பார்த்தாள் போலும். அவர் மறுக்கவில்லை.

"வேணாம்னு சொல்ல எனக்கு வசதி இல்லம்மா" என்றார். "கொடுங்க, வாங்கிக்கறேன்."

அன்று சாயங்காலம் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா நெடுநேரம் கால்களை வெந்நீரில் வைத்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"பொய் சொன்னது தப்புதான். நான் இல்லைங்கல" என்றாள் கடைசியில். "ஆனா போட வேண்டியது அந்த ஆளு கையெழுத்து. நீ எதுக்குப் போட்ட?"

"அவருக்குப் பாதியாவது கிடைக்கட்டும்னு."

"யாரோ ஒரு வேன்காரருக்குப் பாதி. உன்னப் பெத்தவளுக்கு?" அம்மா குரலை உயர்த்தவில்லை. "வர்ற மாசத்தோட நின்னுடறேன்னு கடையில சொல்லிட்டேன். நாளைக்குப் போய் இல்லைங்கணும். அந்த முதலாளி ஒரு சிரிப்பு சிரிப்பான் பாரு, அதத்தான் தாங்க முடியாது."

பெரியவள் குனிந்து அம்மாவின் காலைத் துடைக்கப் போனாள். அம்மா காலை நகர்த்திக்கொண்டு தானே துடைத்துக்கொண்டாள். வேன்காரர் வீட்டில் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கும் என்று நினைத்திருந்தாள். அது இறங்கி, வீட்டுக்குள் வந்து, அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. இந்தப் பக்கம் திரும்பினாலும் அந்தப் பக்கம் திரும்பினாலும் யாரோ ஒருவர் அவளுடைய படிப்புக்காக நின்றுகொண்டே வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. சம்பளத்தில் ஏறின எழுநூறு மாதத்தின் முதல் வாரமே இரண்டாகப் பிரிந்து ஒன்று கல்லூரிக்கும் ஒன்று வேன்காரருக்கும் போனது. மிச்சம் இருநூறு அம்மா கைக்குப் போனது. வேன்காரர் பணம் வந்ததும் "வந்துடுச்சும்மா" என்று ஒரு வார்த்தை அனுப்புவார். அதற்கு மேல் எதுவும் எழுதமாட்டார். சுண்டு அந்த வருஷம் ஒரு மருந்துக்கடையில் பில் போடும் வேலைக்குப் போனாள் என்று அவர் வாயால்தான் ஒருமுறை தெரிந்தது. அடுத்த வருஷம் ஆஸ்பத்திரியின் நர்சிங் ஸ்கூலில் அவளுக்கு இடம் கிடைத்ததையும் அவரே சொன்னார். "தப்பா நினைக்காதீங்க, உங்ககிட்ட சொல்ல வேணாம்னுதான் சொன்னா" என்றும் சொன்னார். கள்ளம் இல்லாத மனுஷன், மறைக்கத் தெரியவில்லை.

இரண்டாம் வருஷப் பயிற்சி மாணவிகள் வார்டுக்கு வந்த அன்று வரிசையில் மூன்றாவதாக சுண்டு நின்றாள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். பெரியவளைப் பார்த்ததும் முகத்தில் ஒன்றும் காட்டாமல், "குட் மார்னிங் சிஸ்டர்" என்றாள். மற்ற சீனியர்களை எல்லாம் அக்கா என்றுதான் கூப்பிட்டாள். இவளை மட்டும் சிஸ்டர்.

வேலையில் குறை சொல்ல இடமில்லை. நோயாளிகளிடம் அவளுக்கு ஒரு கைராசி இருந்தது. சாப்பிடாமல் அடம்பிடித்த ஒரு பாட்டியோடு மல்லுக்கட்டி, கடைசியில் நாலு வாய் ஊட்டிவிட்டு, பாட்டி திட்டின திட்டை அப்படியே நடித்துக் காட்டி வார்டையே சிரிக்க வைத்தாள். பெரியவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே, அன்றைக்கு மேடையில் தான் சொன்னதை இவள் அப்பா நம்பாமல் இருந்திருந்தால் இவள் ஒரு வருஷம் முன்னாலேயே இங்கே வந்திருப்பாளே, இந்நேரம் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருப்பாளே என்று நினைத்துக்கொண்டாள். சிரிப்பு பாதியில் நின்றது.

வேன்காரருக்குத் தரவேண்டியது தீர்ந்த மாதம் அவர் போன் செய்தார். "எல்லாம் வந்துடுச்சும்மா, கணக்கு முடிஞ்சுது" என்றார்.

"வண்டி, அண்ணா?"

"அத முதலாளி போன மாசம் வேற ஆளுக்குக் கொடுத்துட்டாரு. இப்ப எனக்குப் புது வண்டி ஓட்டச் சொல்லியிருக்காரு. ஏசி எல்லாம் இருக்கு. எனக்குத்தான் ஒத்துக்கல, தும்மலா வருது." சிரித்தார். கொஞ்சம் நிறுத்தி, "நீங்க அன்னிக்கு வீட்டுக்கு வரலைன்னா இதவிட மோசமா ஆகியிருக்கும். அது எனக்குத் தெரியும்" என்றார். மேடையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை. பெரியவள் கேட்கவும் இல்லை.

அதற்குச் சில நாள் கழித்து, சாப்பாட்டு இடைவேளையில் அவள் கை கழுவிக்கொண்டிருந்தபோது சுண்டு பக்கத்துக் குழாய்க்கு வந்தாள். சோப்பை எடுத்தாள், வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"ஞாயித்துக்கிழமை எங்களுக்கு உங்க கூடத்தான் மார்னிங் டியூட்டி. என் ஃப்ரெண்டு அக்காவுக்குக் கல்யாணம். நீங்க மத்தியானத்துக்கு மாத்திக்கிட்டீங்கன்னா எங்களையும் மாத்திடுவாங்க. உங்களுக்கு எதுனா வேலை இருந்தா..."

"மாத்திக்கறேன்" என்றாள் பெரியவள், அவள் பேசி முடிப்பதற்குள்.

சுண்டு நிமிர்ந்து பார்த்தாள். அவ்வளவு வேகமாகப் பதில் வந்தது அவளுக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. "வேலை இருந்தா இருக்குன்னு சொல்லுங்க. எனக்காகன்னு பண்ண வேணாம்."

பெரியவள் யோசித்தாள். அன்றைக்குக் காலை டியூட்டி முடித்துவிட்டு அம்மாவைக் கால் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்லியிருந்தாள். முதல்முறையாக அம்மாவே வாய்விட்டுக் கேட்டது.

"இருக்கு" என்றாள். "மத்தியானம் எங்கம்மாவ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும். மறந்துட்டேன். மாத்த முடியாது."

"சரி" என்றாள் சுண்டு. ஏமாற்றம்தான், மறைக்கவில்லை. சோப்பு நுரையைக் கழுவிவிட்டுக் கையை உதறினாள். "வேற யாரையாவது கேக்கறேன்க்கா."

அந்த 'அக்கா' போகிற போக்கில் வந்தது. சொன்னது அவளுக்கே தெரிந்ததா என்று தெரியவில்லை. கதவு ஆடி நிற்கும்வரை பெரியவள் குழாயை மூட மறந்து நின்றாள். பிறகு மூடிவிட்டு வார்டுக்குப் போனாள்.